தோல் மருத்துவரை நாடுவது எப்போது? ஏன்?

முன்னுரை

'நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்' என்பது ஆன்றோர் வாக்கு. பல் வலித்தால் பல் மருத்துவரிடம் ஓடுகிறோம். கரும்பலகை மங்கலாகத் தெரிந்தால் கண் மருத்துவரிடம் செல்கிறோம். இரண்டு நாள் காய்ச்சல் நீடித்தால் அம்மா நம்மைச் சும்மா விடுவதில்லை. ஆனால், தோலில் ஒன்று தோன்றினால் மட்டும் நாம் என்ன செய்கிறோம்? முதலில் அதை மறைக்கிறோம். பிறகு கையில் கிடைத்ததைப் பூசுகிறோம். அதன் பிறகு பக்கத்து வீட்டு அத்தை சொன்னதைப் பூசுகிறோம். எல்லாம் தோற்ற பின்னரே மருத்துவரை நினைக்கிறோம்.

இப்படிக் காலம் கடத்தி அல்லற்பட்டவர்களில் நாங்களும் உண்டு. சென்ற கல்வியாண்டில் எங்கள் விடுதி மாணவியர் பதினொருவர் ஒரே நோய்க்காக அரசு மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தது. அங்கே நாங்கள் கேட்டும் கண்டும் அறிந்துகொண்டவற்றைத் தோழியர் அனைவரோடும் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

தோலின் அமைப்பும் பணியும்

தோல் வெறும் போர்வை அன்று. அது ஓர் உறுப்பு. நம் உடலின் மிகப் பெரிய உறுப்பும் அதுவே. வளர்ந்த ஒருவரின் தோலை விரித்து அளக்க முடிந்தால் ஏறத்தாழ 1.5 முதல் 2 சதுர மீட்டர் வரை இருக்கும். ஒருவர் படுத்துறங்கும் பாயின் அளவு என்று வைத்துக்கொள்ளலாம்.

தோலில் மேல்தோல், உட்தோல் என இரண்டு அடுக்குகள் உண்டு. அவற்றுக்குக் கீழே கொழுப்புப் படலம் இருக்கிறது. மேல்தோலின் அடிப்பகுதியில் புதிய செல்கள் பிறந்து, மெல்ல மெல்ல மேலேறி, ஏறத்தாழ நான்கு வாரங்களில் உதிர்ந்துவிடுகின்றன. இதனால்தான் தோல் நோய்க்கான மருந்து இரண்டே நாளில் முழுப் பலனைத் தருவதில்லை. பொறுமை வேண்டும்.

உட்தோலில் இரத்தக் குழாய்களும், வியர்வைச் சுரப்பிகளும், எண்ணெய்ச் சுரப்பிகளும், மயிர்க்கால்களும் உள்ளன. தொடுதல், வலி, சூடு, குளிர்ச்சி ஆகியவற்றை உணர்த்தும் நரம்பு முனைகளும் அங்கேதான் உள்ளன. சூடான பாத்திரத்தில் விரல் பட்டவுடன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறோமே, அந்த ஒரு நொடியில் நம்மைக் காப்பாற்றுவது இந்த நரம்புகளே. இவை நம் உடலின் வாயிற்காவலர் எனலாம்.

தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்னும் நிறமி. இதை உண்டாக்கும் செல்களின் எண்ணிக்கை கறுத்தவருக்கும் சிவந்தவருக்கும் ஏறக்குறைய ஒன்றே. அவை உண்டாக்கும் நிறமியின் அளவிலும் வகையிலும்தான் வேறுபாடு. வெயிலின் கொடுமையிலிருந்து நம்மைக் காப்பதற்கென்றே இறைவன் தந்த குடை இந்நிறமி. அந்தக் குடையைக் கிழிப்பதற்குத்தான் எத்தனை பேர் எத்தனை காசு செலவிடுகிறார்கள்!

தோல் மருத்துவர் என்பவர் யார்?

எம்.பி.பி.எஸ். பட்டம் பெற்ற ஒருவர், அதன் பின்னர் மூன்று ஆண்டுகள் தோல் நோய்களை மட்டும் சிறப்பாகப் பயின்று எம்.டி. பட்டம் பெறுகிறார். தோல் மட்டுமன்றி முடி, நகம், வாயின் உட்புறம் ஆகியவற்றின் நோய்களையும் அவரே பார்க்கிறார். அவர் பெறும் பட்டத்தின் பெயரிலேயே தொழுநோயும் இடம்பெற்றிருக்கிறது. அழகு நிலையத்தில் முகம் பூசுபவரும், மருந்துக் கடையில் மருந்து எடுத்துக் கொடுப்பவரும் தோல் மருத்துவர் அல்லர். இந்த வேறுபாட்டை அறியாததால் நேர்ந்ததே எங்கள் துன்பம்.

ஒரு டியூப் மருந்தின் கதை

ஐப்பசி மாதம். அடைமழை. துவைத்த துணிகள் மொட்டை மாடியில் காய வழியின்றி, விடுதி அறைக்குள்ளேயே கொடி கட்டி உலர்த்தினோம். பாதி ஈரத்தோடு உடுத்தினோம். எங்கள் தோழி ஒருத்திக்கு இடுப்பில் வட்டமாக ஒரு படை தோன்றியது. ஓரம் சிவந்து தடித்தும், நடுப்பகுதி சற்றுத் தெளிந்தும் இருந்தது. இரவில் தாங்க முடியாத அரிப்பு. வெளியில் சொல்ல வெட்கப்பட்டாள்.

தீபாவளி விடுமுறைக்கு ஊருக்குச் சென்றவள் ஒரு மருந்துக் கடையில் கேட்டு ஒரு களிம்பு வாங்கி வந்தாள். மருத்துவர் சீட்டு எதுவும் அவளிடம் கேட்கப்படவில்லை. அதைப் பூசிய இரண்டாம் நாளே அரிப்பு அடங்கிவிட்டது. சிவப்பும் மறைந்தது. "அற்புதமான மருந்து!" என்று மகிழ்ந்தாள். நாங்களும் மகிழ்ந்தோம். அடுத்த கட்டிலில் இருந்தவளுக்குத் தொடையில் படை வந்தபோது அதே டியூப் அவளுக்குப் போயிற்று. பிறகு இன்னொருத்திக்கு. தீர்ந்ததும் மற்றொரு டியூப் வந்தது. பூசிய இடம் வெளுத்துத் தெரிகிறது என்று கண்டுபிடித்த ஒருத்தி, நிறம் கூடும் என்ற ஆசையில் தினமும் இரவில் முகத்திலும் பூசத் தொடங்கினாள்.

களிம்பை நிறுத்தினால் மூன்றாம் நாள் அரிப்பு திரும்ப வந்தது. முன்பு காசு அளவில் இருந்த வட்டம் உள்ளங்கை அளவாயிற்று. ஒன்று இருந்த இடத்தில் ஐந்து தோன்றின. அரையாண்டுத் தேர்வு நெருங்கியபோது, இரவுப் படிப்பு நேரத்தில் புத்தகத்தைப் பார்ப்பதை விடச் சொறிவதே எங்கள் வேலையாயிற்று. இதைக் கண்ட விடுதிக் காப்பாளர் அருட்சகோதரி எங்களை ஒவ்வொருவராக அழைத்து விசாரித்தார். முழுப் பூசணிக்காயை எத்தனை நாள் சோற்றில் மறைக்க முடியும்? உண்மை வெளிவந்தது. அவர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. மறுநாள் காலையிலேயே அரசு மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்கு அழைத்துச் சென்றார்.

அங்கிருந்த டாக்டர் அம்மா, படையின் ஓரத்தை ஒரு சிறு கத்தியால் மெல்லச் சுரண்டினார். வலிக்கவே இல்லை. உதிர்ந்த செதிலைக் கண்ணாடிச் சில்லில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஒரு துளி விட்டு, நுண்ணோக்கியின் கீழ் வைத்தார். எங்களையும் பார்க்கச் சொன்னார். பிரிந்த நூல் போலக் கிளைவிட்ட இழைகள் தெரிந்தன. அவையே பூஞ்சை. படர்தாமரை என்று நாம் கூறும் நோய்க்குக் காரணம் புழுவும் அன்று, பூச்சியும் அன்று. இந்தப் பூஞ்சைதான் என்று விளக்கினார்.

பிறகு எங்கள் டியூபைக் கையில் எடுத்து அதில் பொடி எழுத்தில் இருந்த பெயர்களைப் படித்துக் காட்டினார். பூஞ்சையைக் கொல்லும் மருந்தோடு குளோபெட்டசால் என்னும் ஸ்டீராய்டு மருந்தும் அதில் கலந்திருந்தது. பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்பனவும் இவ்வகையைச் சேர்ந்தவையே. இவை தீய மருந்துகள் அல்ல. கரப்பான் போன்ற சில நோய்களுக்கு, மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாள் வரை பூசினால் மிகுந்த நன்மை தருபவை. ஆனால், படர்தாமரைக்குப் பூசினால் நடப்பது வேறு. வீட்டில் திருடன் புகுந்ததும் காவலாளி விசில் ஊதுகிறான். விசில் சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று காவலாளிக்கு மயக்க மருந்து கொடுத்தால் என்ன ஆகும்? சத்தம் நின்றுவிடும், திருடன் மட்டும் உள்ளேயே இருப்பான். ஸ்டீராய்டு செய்வதும் இதுதான். சிவப்பும் அரிப்பும் உடலின் எதிர்ப்பாற்றல் எழுப்பும் கூக்குரல். அதை அது அடக்கிவிடுகிறது. பூஞ்சையோ தடையின்றிப் பரவுகிறது. நோயின் உருவமே மாறிப்போவதால், பின்னர் மருத்துவரே எளிதில் இனம் காண முடியாமல் போகிறது.

நாட்பட இம்மருந்தைப் பூசினால் தோல் மெலிந்து, அழியாத வரிகள் விழும். முகத்தில் பூசினால் பருக்களும், சிவப்பும், மெல்லிய முடியும் தோன்றும். நிறுத்தினால் எரிச்சல் முன்னிலும் கூடுதலாகும். நிறத்துக்கு ஆசைப்பட்ட எங்கள் தோழி பல வாரங்கள் வெயிலில் நிற்க முடியாமல், காலை வழிபாட்டின்போது தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றாள்.

இத்தகைய தீங்குகள் நாடெங்கும் பெருகியதால், 2018-ஆம் ஆண்டு மத்திய அரசு, ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று விதியை இறுக்கியது. ஆயினும் விதி ஏட்டிலும், டியூப் நம் கையிலும் இருக்கிறது. கண்டபடி மருந்து பூசுவதால் இன்னொரு கேடும் உண்டு. டெர்பினஃபைன் என்னும் நல்ல மருந்துக்கே அடங்காத ஒருவகைப் பூஞ்சை நம் நாட்டில் பரவியிருக்கிறது. 2020-இல் விஞ்ஞானிகள் அதற்கு 'டிரைக்கோபைட்டான் இண்டோட்டினியே' என்று பெயரிட்டனர். நம் இந்தியாவின் பெயர் ஒரு நோய்க் கிருமியின் பெயரில் ஒட்டிக்கொண்டது நமக்குப் பெருமையா?

டாக்டர் அம்மா எங்களுக்கு மாத்திரையும் வேறு களிம்பும் கொடுத்தார். "அரிப்பு நின்றதும் மருந்தை நிறுத்தாதீர்கள். படை முழுவதும் மறைந்த பிறகும் நான் சொல்லும் நாள் வரை பூசுங்கள். துண்டையும் உள்ளாடையையும் ஒருவர் மற்றவருக்குக் கொடுக்காதீர்கள். துணியை வெயிலில் காய வையுங்கள்" என்றார். அன்று முதல் விடுதி அறைக்குள் கொடி கட்டுவது நின்றது. மழை நாட்களில் துணியை இஸ்திரி போட்ட பின்னரே உடுத்துகிறோம்.

மருத்துவமனைப் பெஞ்சில் கற்ற பாடம்

இனி நாங்கள் எழுதப் போவது எங்களுக்கு வெட்கத்தைத் தரும் ஒன்று. ஆயினும் எழுதாமல் விட மனம் ஒப்பவில்லை.

நாங்கள் வரிசையில் காத்திருந்த பெஞ்சின் ஓரத்தில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா அமர்ந்திருந்தார். வலது கையில் துணிக்கட்டு. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கி இருந்தன. எங்களில் ஒருத்தி அடுத்தவளின் காதில் ஏதோ சொன்னாள். நாங்கள் ஒருவரை ஒருவர் நெருக்கிக்கொண்டு மெல்ல நகர்ந்தோம். பெஞ்சில் எங்களுக்கும் அவருக்கும் நடுவே இருவர் உட்காரும் இடம் காலியாயிற்று. அவர் அதைக் கண்டார். ஒன்றும் சொல்லாமல் முந்தானையால் கையை மூடிக்கொண்டார்.

சீட்டு வாங்கி வந்த சிஸ்டர் அந்தக் காலி இடத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். பிறகு நேராகச் சென்று அந்த அம்மாவின் அருகில் உட்கார்ந்து, "கையில் என்னம்மா?" என்று கேட்டார். அந்த அம்மா, "சோத்துப் பானையை வெறுங்கையால இறக்கிட்டேன் சிஸ்டர். சுட்டதே தெரியலை. கொப்புளம் பார்த்துத்தான் தெரிஞ்சுது" என்றார். நான்கு ஆண்டுகளாக அவர் தோளில் வெளிறிய தேமல் ஒன்று இருந்ததாம். அரிப்பில்லை, வலியில்லை, அதனால் பொருட்படுத்தவில்லை. பிறகு ஐயம் வந்தபோது, மகள் கல்யாணம் முடியட்டும் என்று மறைத்துவிட்டார். கல்யாணம் முடிந்தது. அதற்குள் விரல்கள் மடங்கிவிட்டன.

எங்கள் முறை வந்தபோது நாங்கள் டாக்டர் அம்மாவிடம் தயங்கித் தயங்கி, "தொழுநோய் தொட்டால் ஒட்டுமா?" என்று கேட்டோம். அவர் கூறியவற்றைச் சுருக்கித் தருகிறோம்.

தொழுநோய் சாபமும் அன்று, பாவத்தின் சம்பளமும் அன்று. பரம்பரை நோயும் அன்று. அது ஒரு பாக்டீரியாவால் வருவது. 1873-ஆம் ஆண்டு நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் அக்கிருமியைக் கண்டறிந்தார். மருந்து உட்கொள்ளாத நோயாளியோடு நெடுங்காலம் நெருங்கிப் பழகுவோருக்கே, பெரும்பாலும் மூக்கு, வாய் வழியே வெளிப்படும் நுண்துளிகளால் இது பரவுகிறது. நம்மில் மிகப் பெரும்பாலோருக்கு இயற்கையாகவே இதை எதிர்க்கும் ஆற்றல் உண்டு. பெஞ்சில் அருகே அமர்வதால் ஒட்டாது. கிருமி உடலில் புகுந்து அடையாளம் தெரிய, சராசரியாக ஐந்து ஆண்டுகள், சிலருக்கு இருபது ஆண்டுகள் கூட ஆகலாம்.

இக்கிருமி தோலையும், தோலுக்கு அருகில் ஓடும் நரம்புகளையும் தாக்குகிறது. அதனால் வெளிறிய அல்லது சிவந்த தேமல் தோன்றி, அவ்விடத்தில் உணர்ச்சி குன்றுகிறது. வாயிற்காவலர் என்று முன்பு கூறினோமே, அவர்களையே இது வீழ்த்திவிடுகிறது. சூடு தெரியாததால் கை வேகிறது. முள் தெரியாததால் கால் புண்ணாகிறது. விரல்கள் நோயினால் தாமாக உதிர்வதில்லை. உணர்ச்சியின்றிப் பட்ட காயங்கள் கவனிப்பாரற்றுப் போவதாலேயே உருக்குலைகின்றன. வேலூரில் பணியாற்றிய மருத்துவர் பால் பிராண்ட் இதை உலகுக்கு எடுத்துக் காட்டி, மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தும் முறையையும் வளர்த்தார்.

1981-இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்து முறையைப் பரிந்துரைத்தது. ரிஃபாம்பிசின், டாப்சோன், குளோபாசிமின் என்பவை அம்மருந்துகள். நோயின் வகைக்கு ஏற்ப 6 மாதமோ 12 மாதமோ ஒழுங்காக உட்கொண்டால் நோய் முற்றிலும் குணமாகும். மருந்து தொடங்கிய சிறிது காலத்திலேயே பிறருக்குப் பரவும் தன்மையும் நீங்கிவிடும். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இம்மருந்து இலவசம். ஆனால், நோய் குணமானாலும், ஏற்கெனவே அழிந்த நரம்பு திரும்ப வருவது அரிது. ஆகவேதான் காலம் தாழ்த்தலாகாது. 2005-ஆம் ஆண்டு முடிவில் நம் நாட்டில் இந்நோய் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற நிலையை எட்டியது. அதைக் கேட்டுப் பலர் நோய் ஒழிந்தே போயிற்று என்று எண்ணுகின்றனர். இன்றும் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஓர் இலட்சம் இந்தியர் புதிதாக இந்நோயுடன் கண்டறியப்படுகின்றனர். உலக எண்ணிக்கையில் பாதிக்கு மேல் நம் நாட்டில்தான்.

அன்றிரவு செபமாலை முடிந்ததும் சிஸ்டர் எங்களுக்கு ஒரு கதை கூறினார். ஹான்சன் கிருமியைக் கண்ட அதே 1873-ஆம் ஆண்டில், பெல்ஜியம் நாட்டுக் குருவானவர் ஒருவர் ஹவாய்த் தீவுகளில் ஒன்றான மொலக்காய்க்குச் சென்றார். அங்கே ஒதுக்கப்பட்டிருந்த தொழுநோயாளரின் புண்களைக் கழுவினார். அவர்களுக்கு வீடு கட்டினார். இறந்தோருக்குச் சவப்பெட்டியும் தம் கையாலேயே செய்தார். அவரே புனித தமியான். 1884-இல் ஒருநாள் கொதிக்கும் நீரில் கால் வைத்தார். கால் கொப்புளித்தது; வலி தெரியவில்லை. தமக்கும் நோய் வந்துவிட்டதை அவ்வாறே அறிந்தார். 1889-இல் தமது 49-ஆம் வயதில் இறந்தார். 2009-இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது. அவருக்கு அன்று மருந்து இல்லை. இன்று மருந்து இருக்கிறது. சோற்றுப் பானை இறக்கிய அந்த அம்மாவுக்கு அது எட்டாமல் தடுத்தது வெட்கமும், நம்மைப் போன்றோரின் ஒதுக்கலுமே. இயேசு ஆண்டவர் தொழுநோயாளரைக் கை நீட்டித் தொட்டார் என்று நற்செய்தியில் எத்தனை முறை வாசித்திருப்போம்! பெஞ்சில் இரண்டு சாண் இடம் கொடுக்க எங்களால் முடியவில்லையே என்று அன்று பலர் அழுதோம்.

எப்போது செல்ல வேண்டும்?

ஒவ்வொரு கொசுக்கடிக்கும் தோல் மருத்துவரிடம் ஓட வேண்டியதில்லை. கீழ்க்கண்டவற்றை நினைவில் கொண்டால் போதும்.

1. உணர்ச்சி குறைந்த தேமல்: அரிக்காத, வலிக்காத, தொட்டால் தெரியாத தேமல் எதுவாயினும் உடனே காட்ட வேண்டும். 'வலிக்கவில்லை' என்பது இங்கே ஆறுதல் அன்று, எச்சரிக்கை.

2. இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நீடிப்பவை: ஆறாத புண், பரவும் படை, திரும்பத் திரும்ப வரும் தடிப்பு ஆகியவை.

3. இரவில் கூடும் அரிப்பு: விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றிய இடம் ஆகியவற்றில் அரித்து, வீட்டிலோ விடுதியிலோ பலருக்கும் இருந்தால் அது சிரங்காக இருக்கலாம். கண்ணுக்குப் புலப்படாத ஒருவகைச் சிற்றுண்ணியே இதற்குக் காரணம். ஒருவருக்கு மட்டும் மருந்து பூசிப் பயனில்லை. உடன் வாழ்வோர் அனைவரும் ஒரே நாளில் பூச வேண்டும்.

4. ஆழமான முகப்பரு: பருவ வயதில் பரு வருவது இயல்பு, நாம் அழுக்காக இருக்கிறோம் என்று பொருள் அன்று. ஆனால், வலிக்கும் கட்டிகளாக வந்து வடு விழுந்தால் காலம் கடத்தலாகாது. பருவோடு மாதவிலக்கு ஒழுங்கின்றி வருவதும் முகத்தில் முடி வளர்வதும் சேர்ந்தால் அதையும் கூச்சமின்றி மருத்துவரிடம் கூற வேண்டும்.

5. கழுத்தில் கருமை: வெல்வெட் துணி போலத் தடித்த கருமை கழுத்திலும் அக்குளிலும் தோன்றினால், அம்மா அதை அழுக்கு என்று எண்ணிப் பீர்க்கங்காய் நாரால் தேய்ப்பார். அது அழுக்கே அன்று. உடலில் இன்சுலின் சரிவர வேலை செய்யாததன் அடையாளமாக அது இருக்கலாம். நீரிழிவு வருமுன் தோல் நமக்கு அனுப்பும் கடிதம் அது. தேய்த்தால் கடிதம் கிழியுமே தவிரச் செய்தி மாறாது.

6. மாறும் மச்சம்: மச்சம் திடீரெனப் பெரிதானாலும், ஓரம் கோணலானாலும், பல நிறமானாலும், இரத்தம் கசிந்தாலும் காட்ட வேண்டும். நம்மவருக்குத் தோல் புற்றுநோய் குறைவே. ஆனால், வருமிடத்து உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகியவற்றில் வருவதும் உண்டு.

7. கூட்டமாக முடி உதிர்தல்: தலையில் காசு அளவில் வழுக்கை விழுந்தாலோ, செதிலும் சீழுமாக இருந்தாலோ காட்ட வேண்டும்.

8. அன்றே, அப்போதே செல்ல வேண்டியவை: ஒரு மாத்திரை உட்கொண்ட பின் உடலில் தடிப்பு வந்து, வாய் வெந்து, கண் சிவந்து, காய்ச்சலும் சேர்ந்தால் அது உயிருக்கு ஆபத்தானது. முகமும் உதடும் வீங்கி மூச்சுத் திணறினாலும் அவ்வாறே. இவற்றுக்குத் தோல் மருத்துவரின் நேரம் பார்த்துக் காத்திராமல், அருகிலுள்ள பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

செல்லும்போது செய்ய வேண்டியவை

இதுவரை பூசிய களிம்பு, உண்ட மாத்திரை ஆகியவற்றின் டியூபையும் அட்டையையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். முதல் நாள் மஞ்சள், மை, பவுடர் எதுவும் பூசலாகாது. எப்போது தோன்றியது, எங்கே தொடங்கியது, வீட்டில் வேறு யாருக்கு உண்டு என்பதை எண்ணி வைத்துக்கொள்ள வேண்டும். வெட்கப்பட்டு ஓர் இடத்தைக் காட்டி இன்னோர் இடத்தை மறைக்கக் கூடாது. தேவையானால் அம்மாவையோ சிஸ்டரையோ உடன் வைத்துக்கொள்ளலாம். தோல் மருத்துவர் அருகில் இல்லாத ஊரில் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் முதலில் காட்டலாம். தேவையானால் அவரே அனுப்பி வைப்பார்.

சில தவறான எண்ணங்கள்

வெண்புள்ளியைத் 'வெண்குஷ்டம்' என்று சொல்வது பெரும் பிழை. அதற்கும் தொழுநோய்க்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. நிறமி செல்கள் அழிவதால் வருவது அது. தொட்டால் ஒட்டாது, உணர்ச்சியும் குறையாது. அச்சொல்லை நம் வாயிலிருந்தே நீக்க வேண்டும்.

முதுகிலும் மார்பிலும் வரும் சாதாரணத் தேமலுக்குக் காரணம், நம் எல்லோர் தோலிலும் வாழும் ஒருவகை ஈஸ்ட் பூஞ்சை. மருந்தால் அது விரைவில் அடங்கும். ஆனால், பழைய நிறம் திரும்பச் சில மாதங்கள் ஆகும். அதற்குள் மருந்து பலிக்கவில்லை என்று சோர்ந்துவிடக் கூடாது.

'ஏழே நாளில் சிவப்பு' என்று விற்கும் களிம்புகள் சிலவற்றில் பாதரசம் கலந்திருக்கக் கண்டுபிடித்திருக்கிறார்கள். பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். 2023-இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் இத்தகைய களிம்பு பூசிய சிலர் சிறுநீரக நோய்க்கு ஆளானது செய்தித்தாள்களில் வந்தது. முகத்துக்குப் பூசியது வயிற்றுக்குள் இருக்கும் உறுப்பைத் தாக்கியது! தோல் ஒரு சுவர் அன்று, அதில் வாசல்களும் உண்டு என்பதை இதனால் அறியலாம்.

முடிவுரை

நான்கு வாரம் கழித்து நாங்கள் மீண்டும் மருத்துவமனைக்குச் சென்றோம். எங்கள் படைகள் பெரும்பாலும் மறைந்திருந்தன. அதே பெஞ்சில் அந்த அம்மா மாதாந்திர மருந்துக்காக வந்து அமர்ந்திருந்தார். இம்முறை நாங்கள் சென்று அவர் பக்கத்தில் உட்கார்ந்தோம். என்ன பேசுவது என்று தெரியவில்லை. அவரே எங்களைப் பார்த்துச் சிரித்து, "உங்க படை போயிடுச்சா கண்ணு?" என்று கேட்டார். கையில் உறை போன்ற ஒன்றை மாட்டியிருந்தார். அடுப்பில் பாத்திரம் இறக்கும்போது அதைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொன்னதாகக் கூறினார். கால் ஆண்டுத் தேர்வு, அரையாண்டுத் தேர்வு எல்லாவற்றையும் பற்றி விசாரித்தார். அவர் மகளும் எங்களைப் போல விடுதியில் தங்கிப் படித்தவளாம்.

அன்புத் தோழியரே! தோலில் தோன்றுவது எதுவாயினும் அதற்காக வெட்கப்பட வேண்டியவர் நாம் அல்லர். மறைப்பதும், கண்டதைப் பூசுவதும், பிறரை ஒதுக்குவதுமே வெட்கத்துக்குரியவை. முள்மரத்தை முளையிலேயே கிள்ளுவது எளிது. இன்றிரவு படுக்கச் செல்லுமுன் உங்கள் கை கால்களை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். வீட்டுக்குச் செல்லும்போது தாத்தா, பாட்டியின் முதுகையும் பாதத்தையும் பாருங்கள். ஐயம் ஏற்பட்டால் அம்மாவிடம் சொல்லுங்கள், விடுதியில் சிஸ்டரிடம் சொல்லுங்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். உங்கள் பெஞ்சில் யாரேனும் தனியே அமர்ந்திருந்தால், சற்று நகர்ந்து அருகில் அமருங்கள்.

உடலைக் காப்போம்! உள்ளத்தையும் காப்போம்!